கங்குவின் இடது கன்னம்

ஜூன் 10, திங்கள்

இன்று பதினான்கு முகம். ஒன்பது பாஸ்போர்ட் சைஸ், நான்கு வேலை விண்ணப்பம், ஒரு பெண் பார்க்கும் படம். அந்தப் பெண்ணுக்குத் தாடையில் ஒரு மச்சம். "அதை எடுத்துருங்கம்மா" என்று அவள் அம்மா வெளியே இருந்து குரல் கொடுத்தார். எடுத்தேன். பெண் ஏதோ முணுமுணுத்தாள். அம்மா அதட்டியதும் அடங்கிவிட்டாள்.

ஞானதுரை அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் ஆறு வருடமாக இதுதான் என் வேலை. அவர் படம் எடுப்பார். நான் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரு, கருவளையம், அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் அழிப்பேன். சாத்தூரில் என்னைவிடச் சுத்தமாக அழிக்க ஆள் கிடையாது என்று அண்ணாச்சியே சொல்வார். உள்ளறையில் ஜன்னல் இல்லை. நானே கேட்டு வாங்கிய இடம்தான். வெளிச்சம் திரையில் விழுந்தால் நிறம் சரியாகத் தெரியாது.

மூன்று மணிக்குத் தம்பி வேல்பாண்டி போன் செய்தான். தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றும் நேரத்தில் அவன் யாரையும் கூப்பிட மாட்டான்.

"அக்கா, நம்ம கங்கு டிவில தொடரா வரப் போகுதாம்! வாட்ஸப்புல வந்திருக்கு."

"எந்தக் கங்கு?"

"எத்தனை கங்குக்கா இருக்கு?"

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

பீரோ மேலிருந்து பதினொரு இதழையும் இறக்கித் துடைத்தேன். ஆறாவதற்கு அட்டை இல்லை. மற்றவை நலம்.

சிவகாசியில் அச்சடித்து, பதினொன்றோடு நின்றுபோன காமிக்ஸ். முதல் இதழ் வந்தபோது நான் எட்டாவது படித்தேன். கங்கு பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவள். ஆலை வெடிக்கிறது. இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை வெந்து பிழைக்கிறாள். அதன்பிறகு நெருப்பு அவள் சொன்னபடி கேட்கிறது. அவளுக்குப் பறக்கத் தெரியாது, பஸ்ஸில்தான் போவாள். மற்ற சூப்பர்ஹீரோக்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போவார்கள். இவள் முகத்தை மறைத்த முந்தானையை எடுத்துவிட்டுப் போவாள். ஐந்தாவது இதழில் ஒரு கடத்தல்காரன் அவளைப் பார்த்து விறைத்து நிற்பான். "நல்லாப் பாத்துக்க. போலீஸ்ல அடையாளம் சொல்லணும்ல" என்பாள்.

பதினொன்றில் ஐந்து இதழ்களில் வேறொருத்தி பெயர் எழுதியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

போஸ்டர் வந்துவிட்டது. சிவப்பு உடை, உள்ளங்கையில் நெருப்பு, பின்னால் வெடித்துச் சிதறும் ஆலை. கங்குவாக நடிக்கும் பெண் நேராகப் பார்க்கிறாள். கன்னம் பளபளவென்று இருக்கிறது. இரண்டு கன்னமும்.

பெரிதாக்கிப் பார்த்தேன். இருநூறு சதவீதம், நானூறு சதவீதம். என் தொழில் இது. அழித்திருந்தால் தடம் தெரியும். தடம் இல்லை. அவர்கள் அழிக்கவில்லை. முதலிலிருந்தே வைக்கவில்லை.

"டிவின்னா கொஞ்சம் அழகா இருக்கணும்ல அக்கா" என்றான் வேல்பாண்டி. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். சாப்பாட்டுவரை அவனோடு பேசவில்லை. சாப்பாட்டின்போது, குழம்பை ஊற்று என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 25, செவ்வாய்

தொடர் எடுக்கும் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு பக்கம். எந்த இதழில், எந்தக் கட்டத்தில் தழும்பு எப்படி வரைந்திருக்கிறது என்று பட்டியல் போட்டேன். "கங்குவின் பலமே அவள் முகத்தை அவளே திறப்பதுதான். திறக்க ஒன்றுமே இல்லாவிட்டால் அவள் முந்தானையை எடுப்பது எதற்காக?" என்று கேட்டேன்.

கடைசியில் ஒரு வரி: "எனக்கும் அப்படி ஒரு கன்னம் இருக்கிறது."

அந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் கை அனுப்பிவிட்டது.

ஜூலை 4, வியாழன்

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இன்று எட்டு தடவைதான் பார்த்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

உதவி இயக்குநர் ஒருவர் கூப்பிட்டார். பெயர் நிரஞ்சன், சின்ன வயதுக் குரல்.

"அக்கா, உங்க மெயில் ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். சூப்பரா எழுதியிருக்கீங்க. நீங்க ஒரு தடவை சென்னைக்கு வரணுமே. எங்க மேக்கப் மாஸ்டர் உங்களைப் பாக்கணும்கிறார்."

"என்னையா? எதுக்கு?"

"தழும்பு விஷயமாத்தான்க்கா. நேர்ல பேசுவோம். டிக்கெட்டெல்லாம் நாங்க போட்டுருவோம்."

அப்படியென்றால் கங்குவுக்குத் தழும்பு வைக்கப் போகிறார்கள். ஒரு மின்னஞ்சலில் மாறியிருக்கிறார்கள்! ஞானதுரை அண்ணாச்சியிடம் லீவு கேட்டேன். ஆறு வருடத்தில் நான் லீவு கேட்டது இது மூன்றாவது முறை. அவர் நாசரேத்துக்காரர், கேள்வி கேட்காமல் எதையும் தர மாட்டார். இதைத் தந்துவிட்டார்.

ஜூலை 12, வெள்ளி

முடியைத் தோளளவுக்கு வெட்டிக்கொண்டேன். வெயிலுக்கு வசதி. செங்கல் நிறத்தில் ஒரு சுடிதார் எடுத்தேன். கடையில் அந்த நிறம்தான் நன்றாக இருந்தது.

அம்மா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "நடிக்கப் போற மாதிரில்ல கெளம்புற?"

"கருத்துச் சொல்லப் போறேம்மா. அவங்க கூப்பிட்டிருக்காங்க."

கங்குவும் தோளளவுக்குத்தான் முடி வைத்திருப்பாள். அது தற்செயல்.

ஜூலை 15, திங்கள்

வளசரவாக்கத்தில் ஒரு வீட்டைத்தான் ஆபீஸாக மாற்றியிருந்தார்கள். வேல்பாண்டியும் கூட வந்தான். நான் அரைக்கிலோ சாத்தூர் சேவு எடுத்துப் போயிருந்தேன், இயக்குநருக்குக் கொடுக்கலாம் என்று. இயக்குநர் இல்லை. நிரஞ்சன்தான் இருந்தார், தாடி வைத்த பையன். காபி வந்தது. நல்ல காபி.

மேக்கப் மாஸ்டர் பெயர் கோதண்டம். ஐம்பது வயது இருக்கும். விளக்கு கட்டிய நாற்காலியில் உட்காரச் சொன்னார். "துப்பட்டாவ எடுத்துருங்கம்மா" என்றார். எடுத்தேன். டாக்டர் தவிர வெளியாள் முன்னால் அதை எடுத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. வேல்பாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

போட்டோகிராபர் படம் எடுத்தார். நேராக, இடப்பக்கம், தலையைத் தூக்கி, கண்ணை மூடி. என் இடது கண் முழுதாக மூடாது. அதையும் கிட்டத்தில் எடுத்தார். கோதண்டம் சின்ன டேப்பை வைத்துக் காதிலிருந்து வாய்வரை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

"வசனம் ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"வசனமா?" நிரஞ்சன் சிரித்தார். "வேணாம்க்கா. ஸ்டில்ஸ் மட்டும் போதும்."

சும்மாதான் கேட்டேன்.

படம் எடுத்து முடித்து எழுந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். பென்சிலில் வரைந்த ஒரு பெண் முகம். இடது பக்கம் வெந்து உருகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் அவ்வளவு வெறுப்போடு. கீழே 'கரிமுகி' என்று எழுதியிருந்தது.

"இது யாரு?"

"வில்லிக்கா. காமிக்ஸ்ல கிடையாது, நாங்க உருவாக்கினது. கங்குவோட பரம எதிரி. அழகா இருக்கிற யாரையும் அவளுக்குப் பிடிக்காது, எரிச்சுருவா. செம கேரக்டர்."

"கங்குவுக்கு?"

"கங்குவுக்கு என்ன?"

"தழும்பு."

"இல்லக்கா, கங்கு முகம் க்ளீன்தான். மாசக்கணக்குல தினமும் பாக்கப் போற முகம் இல்லையா? வீட்ல உக்காந்து பாக்குறவங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுல்ல."

நிரஞ்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, உங்களைச் சொல்லல…"

"என்னைத்தான் சொன்னீங்க. பரவால்ல. எடுத்த படத்தையெல்லாம் அழிங்க."

"அக்கா, கோபப்படாதீங்க. உங்க பேரை நன்றின்னு போடுறோம்."

"எதுக்கு? கரிமுகிக்கு முகம் கொடுத்தவள்னா? அழிங்க."

போட்டோகிராபர் நிரஞ்சனைப் பார்த்தார், அவர் தலையாட்டினார். போட்டோகிராபர் கேமராவில் ஏதோ அமுக்கி, "அழிச்சாச்சுங்க" என்று காட்டினார்.

"ரெண்டாவது கார்டு?"

அவர் விழித்தார்.

"இந்தக் கேமராவுல ரெண்டு கார்டு போகும். எடுக்கிற படம் ரெண்டுலயும் ஏறும். நானும் இந்தத் தொழில்தான்."

இரண்டாவது கார்டையும் திறந்தார். அதில் நான் இருபத்தேழு தடவை இருந்தேன். ஒவ்வொன்றாக அழிக்க வைத்தேன். அழித்ததை மீட்டெடுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இரண்டு கார்டையும் முழுக்கத் துடைக்கச் சொன்னேன். மற்ற படங்களும் போய்விடும் என்றார். காப்பி எடுத்துக்கொண்டு துடையுங்கள், எனக்குச் சாயங்காலம்தான் ரயில் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். துப்பட்டாவைப் போட்டுக்கொள்ள மறந்துபோனேன். பிறகு ஞாபகம் வந்தது. போடவில்லை.

நிரஞ்சன் தன் போனில் எடுத்த மூன்று படங்களையும், குழுவுக்கு அனுப்பியிருந்த ஒன்றையும் என் கண்முன்னால் அழித்தார். கோதண்டம் அளவு எழுதிய தாளை அவரே கிழித்துத் துண்டுகளை என் கையில் வைத்தார்.

"நான் அப்பவே சொன்னேம்மா, இது சரியில்லன்னு. யாரும் கேக்கல."

"சொல்லிட்டு, நீங்கதானே சார் அளவு எடுத்தீங்க?"



ஆட்டோவில் வேல்பாண்டி, "அழாதக்கா" என்றான். யார் அழுதது? மெட்ராஸ் புகை.

ஜூலை 16, செவ்வாய்

சேவைக் கொடுக்காமலே எடுத்து வந்துவிட்டோம். நேற்று எழும்பூர் பிளாட்பாரத்தில் பொட்டலத்தைப் பிரித்தோம். வேல்பாண்டி கொஞ்சம் எடுத்தான். மிச்சத்தை நானே தின்று முடித்தேன். அவர்களுக்கு ஒரு சேவுகூடக் கிடையாது.

ஜூலை 17, புதன்

அண்ணாச்சி கேட்டார், சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டவர், "ரெண்டு கார்டையும் துடைச்சியா?" என்றார். துடைத்தேன் என்றேன். "நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டு ரேஷன் அட்டைக்குப் படம் எடுக்க வந்த குடும்பத்தைக் கவனிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்து, "ரெண்டாவது கார்டை நான் மறந்திருப்பேன்" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தொடர் ஆரம்பித்துவிட்டது. பார்க்கக் கூடாது என்றிருந்தேன். அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்தேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: நெருப்பு நன்றாகச் செய்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் சண்டை நன்றாகப் போடுகிறாள். ஆலை வெடித்துப் புகைக்குள்ளிருந்து அவள் நடந்து வரும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு முகத்தைக் காட்டினார்கள். கன்னத்தில் ஒரே ஒரு கரிக்கோடு, பொட்டு வைத்த மாதிரி. அடுத்த காட்சியில் அதுவும் இல்லை.

கரிமுகி கடைசி ஐந்து நிமிடம் வந்தாள். போனில் அந்தக் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதோரம் சுருக்கம் வேறு. வாயோரம் இழுப்பு வேறு. என்னுடையது இல்லை. மறுபடியும் பார்த்தேன். என்னுடையது இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை.

அம்மா, "இந்தக் கழுதைய அமத்து" என்றாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சாயங்கால பஸ்ஸில் காற்றுக்குத் துப்பட்டா விலகிவிட்டது. முன் சீட்டில் அம்மா தோள்மேல் சாய்ந்திருந்த ஒரு பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு வீறிட்டது. "கரிமுகிம்மா! கரிமுகி!"

அந்த அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "மன்னிச்சுருங்க, டிவில பாத்து ராத்திரி பூரா பயப்படுது."

"பரவால்லங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். இரண்டு கிலோமீட்டர். நடப்பது உடம்புக்கு நல்லது.

செப்டம்பர் 4, புதன்

இன்றும் நடந்தேன்.

செப்டம்பர் 11, புதன்

பஸ்ஸில் போனேன். நான் ஏன் நடக்க வேண்டும்?

செப்டம்பர் 20, வெள்ளி

டிவிக்காரர்கள் ஊர் ஊராக விளம்பர வண்டி விடுகிறார்கள். அடுத்த வாரம் ஞாயிறு கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி, வண்ணம் தீட்டும் போட்டி. கங்குவின் ஆளுயர அட்டைப்படத்தோடு பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும். வேலை நம் ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறது.

அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டே உள்ளறை வாசலில் நின்றார். "வேண்டாம்னு சொல்லிரலாமான்னு யோசிச்சேன். இல்லன்னா நான் மட்டும் போயிப் பாத்துக்கிடுதேன். நீ கடையில இரு."

"எத்தனை பிள்ளைங்க?"

"எரநூறு வரும்னு சொல்லுதாங்க."

"ரெண்டு கேமரா வேணும்ல அண்ணாச்சி. நானும் வர்றேன்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

யோசிக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு மாற்றி ஞாபகம் வரும்.

பத்து மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் சிவப்புச் சட்டை, சிவப்புத் துண்டு, கையில் அட்டையில் வெட்டிய நெருப்பு. நூறு கங்கு இருக்கும். அண்ணாச்சி இன்னொரு கேமராவோடு பிரிண்டர் பக்கம் நின்றார், நான் அட்டைப்படத்துக்கு முன்னால். கேமராவைக் கண்ணில் வைக்கும்போதெல்லாம் துப்பட்டா குறுக்கே வந்தது. நாலைந்து படம் பாழானது. கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

இருபது பிள்ளைகள்வரை ஒன்றும் நடக்கவில்லை. சிலர் முறைத்துப் பார்த்தார்கள், படத்துக்குச் சிரித்தார்கள், போனார்கள். பிறகு ஒரு சின்னது அழ ஆரம்பித்தது. "கரிமுகி" என்றது. பின்னால் நின்றதுகளும் பிடித்துக்கொண்டன. "ஏய், கரிமுகி! கரிமுகி வந்திருக்கா!"

மேடையில் மைக்கோடு நின்ற தொகுப்பாளர் இதைக் கேட்டுவிட்டார். டிவியில் காமெடி நிகழ்ச்சி நடத்துபவராம்.

"அட! யாருப்பா அது? பெரியவங்களும் மாறுவேடத்துல வந்திருக்காங்களே! கரிமுகி மேடைக்கு வரவும்! ஒரு கைதட்டு போடுங்க!"

கைதட்டினார்கள். அண்ணாச்சி, "கனி, போகாத" என்று பிரிண்டரைத் தாண்டி ஓடி வந்தார். நான் கேமராவை அவர் கையில் கொடுத்துவிட்டு மேடை ஏறினேன்.

"பயங்கரம்!" என்றார் தொகுப்பாளர். "யாருங்க மேக்கப்? தத்ரூபமா இருக்கே!" என்று என் கன்னத்தைத் தொட விரலை நீட்டினார்.

மணிக்கட்டைப் பிடித்தேன். "தொடாதீங்க. இது மேக்கப் இல்ல."

அதை மைக் வாங்கி மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டது. அந்த மனுஷன் முகத்தில் ரத்தம் இல்லை. மற்ற கையால் பாட்டுப் போடுகிறவனுக்கு ஜாடை காட்டினார். அதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டேன்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. சொன்னது இவ்வளவுதான்:

"என் பேரு சண்முகக்கனி. சாத்தூர். போட்டோ ஸ்டுடியோவுல வேலை பாக்குறேன். அதுக்கு முன்னாடி பட்டாசு ஆலையில வேலை பாத்தேன். பத்தொம்பது வயசுல ஒருநாள் பக்கத்து ரூம்ல மருந்து வெடிச்சது. நாலு பேரு செத்துப்போனாங்க. நான் சாகல. இது அதுல ஆனது. நான் யாரையும் எரிக்கல. எரிஞ்சது நான்."

பிள்ளைகள் என் கன்னத்தையே பார்த்தார்கள். பெரியவர்கள்தான் நெளிந்தார்கள்.

"நீங்க எல்லாரும் கங்கு வேஷம் போட்டிருக்கீங்க. எனக்கும் கங்குன்னா உசுரு. நான் உங்க வயசுல படிச்ச கங்கு புத்தகத்துல, அவளுக்கு இந்தக் கன்னம் இப்படித்தான் இருக்கும். ஆலை வெடிச்சா முகம் வேகும். டிவிக்காரங்க அவ கன்னத்தை எடுத்து வில்லிக்கு ஒட்டிட்டாங்க. கங்கு இப்படித்தான் இருப்பா. பயப்படாதீங்க."

முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். ஒன்பது, பத்து வயது இருக்கும்.

"அப்ப ஏன் டிவில கங்கு அக்காவுக்கு ஒண்ணுமே இல்ல?"

"அது எனக்குத் தெரியாதும்மா. இந்த அண்ணன் டிவிலேருந்து வந்திருக்காங்க. இவங்களைக் கேளு."

அவள் தொகுப்பாளர் பக்கம் திரும்பினாள். "ஏன் அங்கிள்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "ஏன்?" என்று மறுபடி கேட்டாள். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

இறங்கி வந்து கேமராவை வாங்கிக்கொண்டேன். வரிசையில் பாதிப் பேர் அண்ணாச்சி பக்கம் போய்விட்டார்கள். இரட்டைச் சடைக்காரி என் வரிசைக்கு வந்தாள். வண்ணம் தீட்டும் போட்டிக்குக் கொடுத்த பழுப்பு ஸ்கெட்ச் பேனாவால் இடது கன்னத்தில் கிறுக்கியிருந்தாள். கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. அவள் அம்மா முந்தானையை நனைத்துக்கொண்டு துடைக்க வந்தார். பிள்ளை தலையைத் தலையை ஆட்டித் தப்பித்தது. "மொதல்ல போட்டோ" என்றது. எடுத்தேன். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கிறுக்கிக்கொண்டு வந்தார்கள். மொத்தம் நான்கு. மற்ற நூறு பேரும் பளபளவென்றுதான் போனார்கள். எழுதுவதை உள்ளபடி எழுத வேண்டும்.

செத்த நாலு பேரில் ஒருத்தி பேச்சியம்மாள். ஐந்து இதழில் இருப்பது அவள் பெயர். வேலை முடிந்து வேனில் வரும்போது ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசிப்போம். கங்கு வசனத்தை அவள்தான் வாசிப்பாள், என்னை விடமாட்டாள். அன்று நான் உள்ளே ஓடியது அவளைத் தேடி. இதை மேடையில் சொல்லவில்லை. அது அவர்களுக்கு இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

யாரோ நான் பேசியதைப் போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். வேல்பாண்டி நிமிடத்துக்கு ஒருதரம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்கிறான். கீழே எழுதியிருப்பதைப் படிக்காதே என்கிறான். படித்தேன். பாதி நல்லது. மீதியை எழுதியவர்களின் படங்களையும் பார்த்தேன். எல்லாம் மேல்பூச்சுப் பூசின முகம், எனக்குத் தெரியாதா?

டிவிக்காரர்களின் விளம்பர ஆள் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். நான் ஒட்டுக் கேட்கவில்லை, அண்ணாச்சி பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"ஆமா சார், எங்க பொண்ணுதான்… இல்ல சார், வேலைய விட்டு அனுப்ப முடியாது… சரி சார், அடுத்த ஊரு வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துக்கிடுங்க… ஒண்ணு மட்டும் சொல்லுதேன். தொட வந்தது உங்க ஆளு. அவன் மொதல்ல மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பேசுவோம்."

போனை வைத்துவிட்டு, "பேட்டரி சார்ஜ் போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன்.

மத்தியானம் கோவில்பட்டியிலிருந்து ஒரு அம்மா பேசினார். மகள் படத்தில் கன்னத்துக் கோட்டை எடுத்துவிட்டு இன்னொரு பிரிண்ட் வேண்டுமாம்.

"பிள்ளையக் கேட்டீங்களா?"

"அதை எதுக்குங்க கேக்கணும்?"

"அவ முகம்ல. கேட்டுட்டுச் சொல்லுங்க."

பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். "எடுக்க வேணாமாங்க. அப்படியே இருக்கட்டுமாம்." குரலில் எரிச்சல். பின்னால் யாரோ குதிக்கிற சத்தம்.

அக்டோபர் 7, திங்கள்

நிரஞ்சன் கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் அடங்கியிருந்தது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? உங்க வீடியோவ சேனல்ல பெரியவங்க எல்லாரும் பாத்தாங்க. ரொம்பக் கலங்கிட்டாங்க."

"ம்."

"ஒரு யோசனை. தீபாவளி ஸ்பெஷல் எபிசோட். நீங்க நீங்களாவே வர்றீங்க. கங்கு உங்க வீட்டுக்கு வர்றா. நீங்க உங்க கதையச் சொல்லி அழுறீங்க. கங்கு உங்களைக் கட்டிப்பிடிச்சு, உங்க கன்னத்துல முத்தம் கொடுக்குறா. தமிழ்நாடே அழும்க்கா."

"கங்குவுக்குக் கன்னம் எப்படி இருக்கும், அந்த எபிசோட்ல?"

"அது… அதே மாதிரிதான்க்கா."

"கரிமுகிக்கு?"

"அவளுக்கும் அதேதான்க்கா."

"நிரஞ்சன் தம்பி, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா நான் அழுறதுக்கு வரமாட்டேன். முத்தம் வாங்கவும் வரமாட்டேன். சண்டைக் காட்சி இருந்தாச் சொல்லுங்க. வர்றேன்."

"சண்டையா? அக்கா, உங்களுக்குச் சண்டை தெரியுமா?"

"கத்துக்கிறேன். கங்குவும் மூணாவது புத்தகத்துலதான் கத்துக்கிட்டா."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்து அவருக்குப் புரிந்தது. "இயக்குநர்கிட்ட கேக்குறேன்க்கா" என்றார்.

"கேளுங்க."

அக்டோபர் 8, செவ்வாய்

கூப்பிடவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

கூப்பிடவில்லை. இன்று ஒன்பது முகம்.

அக்டோபர் 13, ஞாயிறு

கூப்பிடவில்லை. மொட்டை மாடியில் கயிறு தாண்டினேன். நூற்றுப் பத்து. வேல்பாண்டி தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றான், குத்தினேன். அவன் இரண்டு தடவை கீழே விழுந்தான். "மெதுவாக்கா" என்கிறான்.

மெதுவாக எல்லாம் இல்லை.